பெர்ம் தாத்தாவுக்குத் தொண்ணூற்றொன்பது சேவல்

பெர்ம் தாத்தா உயிரோடு இருந்தவரை ஒரு சீப்பு வாழைப்பழத்தைக்கூட லாபத்துக்கு விற்றதில்லை. சேவல் சண்டையில் வயலைத் தோற்றார், எருமையைத் தோற்றார், கடைசியில் இடுப்புத் துண்டையும் தோற்று வாழையிலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தார் என்று தாய்லாந்தின் நோங் தாக்கியன் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் செத்து அறுபது வருஷம் கழித்து மூன்று மாகாணத்து வியாபாரிகளுக்குத் தெய்வமாகிவிட்டார். நகைக்கடைக்காரர்கள் அவர் முகம் பதித்த தாயத்தைக் கல்லாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். நூடுல்ஸ் வண்டிக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதில் என்ன நியாயம் என்று ஒருவர் கேட்டார், வாழைக்காய் வறுத்து விற்றவர். அன்றிலிருந்து அவர் சட்டியில் எண்ணெய் காயவே இல்லையாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வேண்டிக்கொண்டது நடந்துவிட்டால் தாத்தாவுக்குச் சேவல் வைக்க வேண்டும். உயிருள்ள சேவல் இல்லை, சுண்ணச் சேவல். சிவப்புக் கொண்டையும் பச்சை வாலுமாக, முழங்கால் உயரத்தில். கோயிலுக்குப் பின்னால் இருந்த நெல்வயல் முழுக்க இப்போது சேவல்தான். மழைக்காலத்தில் கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்.

இந்தச் சேவல்களை விற்றுத்தான் லம்ஜுவன் வீடு கட்டினாள். கோயில் வாசலுக்கு இடது பக்கம் அவள் கடை. ஐம்பத்தொரு வயது. காலையில் முதல் வியாபாரம் முடிந்ததும் வாங்கிய நோட்டால் எல்லாச் சேவலின் தலையையும் தடவி, "ஹெங், ஹெங், அதிர்ஷ்டம் கொட்டட்டும், நல்லா ஓடட்டும்" என்பாள். பிறகு இடுப்பில் கறுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும் மரத்துண்டால் ஒவ்வொரு சேவலையும் ஒரு தட்டு தட்டுவாள். அந்த மரத்துண்டு மனித உடம்பின் எந்தப் பாகத்தைப் போல இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். வியாபாரம் ஓடச் சந்தையில் எல்லாப் பெண்களும் கட்டுவதுதான். லம்ஜுவனுடையது அளவுக்கு மீறிப் பெரியது என்று ஸ்ரீநுவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஸ்ரீநுவனின் கடை வாசலுக்கு வலது பக்கம். அவள் முதலில் அங்கே மூங்கில் குழாய்ச் சோறு விற்றாள். லம்ஜுவன் கடைக்கு முன்னால் கார்கள் நிற்பதை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் சோற்றுக் குழாய்களைக் காணோம், சேவல்கள் நின்றன. ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நடுவில் முப்பது அடி. இரண்டு கடையிலும் மேல்தட்டில் நாங் குவாக் அம்மா, வியாபாரத்துக்கு ஆள் அழைக்கும் தெய்வத்தின் குட்டிச் சிலை, கால் மடித்து உட்கார்ந்து, ஒரு கையை உயர்த்தி, வா வா என்று வாடிக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கடைகள் எதிரெதிரே இருப்பதால் இரண்டு அம்மாக்களும் ஏழு வருஷமாக ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் சாலையை அகலப்படுத்தினார்கள். வாசலில் இனி ஒரு கடைக்குத்தான் இடம் என்று கோயில் கமிட்டித் தலைவர் சவெங் சொல்லிவிட்டார். மற்றவள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில் போக வேண்டும்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்" என்றார் சவெங்.

"அவ கை பட்ட சீட்டு எனக்கு வேண்டாம்" என்றாள் லம்ஜுவன். "சீட்டுக்குன்னே தனியா மந்திரிச்ச எண்ணெய் வச்சிருக்கா."

ஸ்ரீநுவன் லம்ஜுவனைப் பார்க்காமல் தலைவரிடம் சொன்னாள். "தலைவரே, இடுப்புல அத்தாம் பெருசு கட்டிட்டு வர்றவங்களோட நான் எந்தச் சீட்டும் எடுக்க மாட்டேன்."

சவெங்குக்குப் பசி நேரம். "வியாபாரத்துக்குன்னே ஒரு தெய்வத்த பக்கத்துல வச்சுக்கிட்டு என்னைப் போட்டு ஏன் அரிக்கிறீங்க? பௌர்ணமித் திருவிழாவுக்குள்ள யாரு கடையில சரக்கு மொதல்ல தீருதோ, அவங்க தாத்தாவுக்கு வேண்டியவங்க. அவங்களுக்கு வாசல். எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திருவிழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. லம்ஜுவன் கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு சேவல்.

அன்றைக்கே அவள் நாங் குவாக் அம்மாவுக்குப் புதுப் பட்டுத் துணி சாத்தி, சிவப்பு சோடா பாட்டிலில் உறிஞ்சு குழல் போட்டு வைத்தாள். மறுநாள் எதிர்க்கடையில் அம்மாவுக்கு இரண்டு சோடா. மூன்றாம் நாள் லம்ஜுவன் நான்கு வைத்தாள். இரண்டாவது வாரத்தில் சோடா விற்ற கடைக்காரன்தான் உண்மையில் செழித்துக்கொண்டிருந்தான். சேவல் மட்டும் மூன்று, நான்கு என்றே போனது. மழை விடவில்லை, ஊருக்கே வேண்டுதல் எதுவும் பலிக்கவில்லை போலிருந்தது.

வாசல் போனால் என்ன ஆகும் என்று லம்ஜுவனுக்குத் தெரியும். கழிப்பறைக்குப் பக்கத்தில் முன்பு பூமாலை விற்ற ஒருத்தி இருந்தாள். மாலை வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பேரம் பேசினார்கள். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை, தங்கை வீட்டோடு போய்விட்டாள். லம்ஜுவனுக்குத் தங்கை கிடையாது.

பதினோராம் நாள் அவள் கோயிலுக்குள் போனாள். பூசாரி பிரசிட் முருங்கைக்காய்க் குழம்பை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தாத்தாகிட்ட என்ன கேக்கணும்?"

"திருவிழாக்குள்ள என் கடையில ஒரு சேவல்கூட மிச்சம் இருக்கக் கூடாது, அண்ணே."

"என்ன குடுப்ப?"

"வழக்கமா என்ன சொல்றாங்க?"

"தொண்ணூத்தொம்பது சேவல். ஒம்பதுன்னா தாத்தாவுக்கு உசுரு. திருவிழா அன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்குள்ள வச்சுடணும். நாளும் நேரமும் சொல்லி நேர்ந்துக்கோ. வாயால கொழகொழன்னு சொன்னா அவருக்குப் பிடிக்காது."

லம்ஜுவன் அப்படியே நேர்ந்துகொண்டாள். அவளை முட்டாள் என்று சொல்ல வேண்டாம். இருபது வருஷமாக வருகிற எல்லோரும் சேவல்தான் நேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சேவல் வாங்க ஒரு கடை இருந்தது. தன் கடைதான் அது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், மத்தியானம், ஒரு பெரிய வண்டி வாசலில் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் இறங்கினாள். போனில் முகத்தைக் காட்டிப் பேசியே உதட்டுச் சாயம் விற்கிறவளாம். ஒரே மாதத்தில் கிடங்கு காலியாம். நூற்றைம்பது சேவல் நேர்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வலது பக்கக் கடையில் ஆள் இல்லை. ஸ்ரீநுவன் அந்த நேரம் பார்த்து உள்ளே தாத்தாவின் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

லம்ஜுவனிடம் நூற்று அறுபத்தொன்று மிச்சம். நூற்றைம்பதுக்குக் காசு வாங்கிக்கொண்டு, பதினொன்றைச் சும்மா ஏற்றிவிட்டாள். ஸ்ரீநுவன் கும்பிட்டு முடித்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கடைசிச் சேவல் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

தலைவர் சவெங் வந்து தரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "சரி, வாசல் ஒனக்கு" என்றார். காகிதத்தில் எழுதி முத்திரையும் வைத்தார்.

அன்று மாலை லம்ஜுவனின் புருஷன் புஞ்செர்ட் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். சேவலுக்குக் கொண்டை வர்ணம் அடிப்பது அவர் வேலை. சரக்கு தீர்ந்ததில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம்.

"ஜுவன், தாத்தாவுக்கு என்ன நேர்ந்திருந்த?"

"தொண்ணூத்தொம்பது சேவல்."

புஞ்செர்ட் மீனைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் வெந்தது. "எந்தச் சேவல்?" என்றார் பிறகு.

லம்ஜுவன் ராச்சபுரியில் சேவல் வார்க்கிற பட்டறைக்குப் போன் செய்தாள். அச்சையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, திருவிழா முடிந்து ஐந்து நாள் கழித்துத்தான் திறப்போம் என்றார்கள். வயலில் நிற்கிற பழைய சேவலில் தொண்ணூற்றொன்பதைக் கழுவி வர்ணம் அடிக்கலாமா என்று புஞ்செர்ட் கேட்டார். "அடுத்தவன் வச்சத எடுத்து வைக்கிறதா? எச்சில் தட்டுல சாமிக்குப் படைக்கிற மாதிரி" என்று அவரைத் திட்டினாள். திட்டிவிட்டு, விடியற்காலையில் போய் ஒரு சேவலைத் தூக்கியும் பார்த்தாள். அடியில் கொடுத்தவன் பேரும் ஊரும் தொழிலும் தேதியும் அழியாத மையில் எழுதியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அவள்தான் வாங்குகிறவர்களுக்கெல்லாம் பேனா கொடுத்து எழுதச் சொன்னவள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மாவட்டத்தில் புதுச் சேவல் இருந்தது ஒரே ஓர் இடத்தில். முப்பது அடி தள்ளி.

ஸ்ரீநுவன் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பூசணி விதை கடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கழிப்பறைப் பக்கம் போகப் போகிறவள் முகம் அப்படித்தான் இருக்கும். லம்ஜுவன் பாதையைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் விதை தொண்டைக்குள் போய்விட்டது.

"யாரு?" என்றாள் இருமி முடித்து. "லம்ஜுவன் மாதிரி இருக்கு. ஆனா லம்ஜுவனுக்கு இந்தப் பக்கம் வழி தெரியாதே."

"ஒங்க அம்மா ஏழு வருஷமா கை காட்டிக் கூப்புட்டுக்கிட்டே இருக்கா, அக்கா. என்னதான் வேணுமாம்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்க அம்மா வாங்குறவங்களத்தான் கூப்புடுவா."

"வாங்கத்தான் வந்தேன். சேவல்."

"எத்தன?"

லம்ஜுவன் நாங் குவாக் அம்மாவின் காலடியில் இருந்த சோடா பாட்டில்களை எண்ணுவதுபோல நின்றாள். "தொண்ணூத்தொம்பது."

ஸ்ரீநுவன் அவளைப் பார்த்தாள். எதிரே காலியாகக் கிடந்த கடையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்றி இறைச்சிக் குச்சி சுடுகிற வாந்தொங் அடுப்பை விட்டுவிட்டு வந்து என்ன விஷயம் என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"சரக்கு தீந்தா சேவல் வைக்கிறேன்னு நேர்ந்துருக்கா! சேவல் விக்கிறவ!"

"வெல என்ன, அக்கா?"

"வெளிய அறுவது பாட். ஒனக்கு நூத்தி எம்பது."

"ஒரு சேவலுக்கா?"

"இல்ல, கொண்டைக்கு மட்டும். வாலுக்குத் தனி." மறுபடியும் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

லம்ஜுவன் பேரம் பேசவில்லை. உதட்டுச் சாயக்காரி கொடுத்த நோட்டுக் கட்டு முழுக்கத் தாண்டிப் போனது, அதோடு வீட்டுச் சேமிப்பும். புஞ்செர்ட்டும் அவளுமாகக் கைக்கு இரண்டாகச் சேவலைத் தூக்கினார்கள். ஸ்ரீநுவனிடம் இருந்தது மொத்தம் நூற்றொன்று. மிச்ச இரண்டையும் அவளே தூக்கி லம்ஜுவன் கையில் வைத்தாள்.

"கொசுறு. வச்சுக்கோ. எனக்கு எப்பவுமே மனசு பெருசு."

அவர்கள் போன பிறகு ஸ்ரீநுவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். சேவல் நின்ற இடத்தையெல்லாம் கூட்டினாள். முன்வரிசை, நடு, பின்வரிசை. கூட்ட வேண்டிய இடம் நிறைய இருந்தது. ஒரு மூலைக்கு வந்ததும் பாட்டு நின்றது. வாந்தொங் சொன்னபடி பார்த்தால், அவள் அப்படியே துடைப்பத்தைப் பிடித்தபடி ஒரு குச்சி இறைச்சி வேகிற நேரம் நின்றாள்.

நேற்று மத்தியானம் தாத்தாவின் முன்னால் மண்டியிட்டு அவள் கேட்டது, திருவிழாவுக்குள் கடை காலியாக வேண்டும் என்பது. கொடுப்பதாகச் சொன்னது தொண்ணூற்றொன்பது சேவல், ஒன்பது மணிக்குள். பிரசிட் எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான் சொல்வார்.

கால் மணி நேரத்தில் அவள் எதிர்க்கடையில் நின்றாள். கையில் அதே நோட்டுக் கட்டு.

"லம்ஜுவன். சேவலத் திருப்பிக் குடு."

"வித்தத திருப்பி வாங்குறதெல்லாம் ஒங்க கடையில உண்டா, அக்கா? எங்க கடையில இல்ல."

"நானும் நேர்ந்துருக்கேன்."

"என்னது?"

"நீ நேர்ந்ததேதான்."

இப்போது சிரிக்க வேண்டியது லம்ஜுவனின் முறை. அவள் வாயைத் திறந்ததும் புஞ்செர்ட் தாழ்ந்த குரலில் சொன்னார். "ஜுவன், தாத்தா கோவிச்சுக்கிட்டு எதையாவது எறக்கினாருன்னா, முப்பது அடியெல்லாம் அளந்து பாத்து எறக்க மாட்டாரு. உசுரோட இருந்தப்பவே அவருக்குக் குறி சரியில்ல."

லம்ஜுவன் வாயை மூடிக்கொண்டாள்.

இருப்பது தொண்ணூற்றொன்பது சேவல், இரண்டு கொசுறு. நேர்த்தி இரண்டு. அந்தக் கணக்கு எப்படிப் பார்த்தாலும் சரிவரவில்லை. ஸ்ரீநுவன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாக லம்ஜுவன் அவளுக்கு ஒரு சோடாவை எடுத்துக் கொடுத்தாள். நாங் குவாக் அம்மாவுக்கு மத்தியானம் வைத்தது, குளிர்ச்சி போயிருந்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் வாழ்க்கையிலேயே அதைவிடக் கெட்டிக்கார யோசனை வந்ததில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், தொண்ணூற்றொன்பது சேவல்களும் தாத்தாவின் முன்னால் வரிசையில் நின்றன. லம்ஜுவன் ஒன்பது ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, பிரசிட் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, தாத்தாவுக்குச் சோறு வைக்கிறோம். சோடா வைக்கிறோம். ஊதுபத்தி அணைஞ்சதும் அவர்கிட்ட விடை கேட்டு நாமளே எடுத்துச் சாப்புடுறோம். இல்லையா?"

"ஆமா."

"அப்ப சேவல மட்டும் ஏன் எடுக்கக் கூடாது?"

பிரசிட் தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நீங்க கேளுங்க."

பிரசிட் குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் கையில் குலுக்கி, கேள்வியைத் தாத்தாவின் காதில் போட்டு, தரையில் எறிந்தார். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தன. தாத்தா சிரிக்கிறார் என்று பொருள். மறுபடி எறிந்தார். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தன. கூட்டம் மூச்சு விட்டது. தாத்தா சரி என்றுவிட்டார். கமிட்டித் தலைவர் சவெங் இறைச்சிக் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கட்டைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

புஞ்செர்ட் தொப்பியால் விசிறி விசிறி ஊதுபத்தியைச் சீக்கிரம் எரிய வைத்தார். எட்டு முப்பத்தைந்துக்கு அணைந்தது. லம்ஜுவன் கும்பிட்டு விடை கேட்டாள். நோட்டுக் கட்டு இந்தப் பக்கம் வந்தது, சேவல் அந்தப் பக்கம் போனது. போனது என்றால் இடம் மாறவில்லை, சொந்தக்காரி மாறினாள். எட்டு நாற்பதுக்கு ஸ்ரீநுவன் தன் ஊதுபத்தியை ஏற்றினாள். அவள் கண்ணில் தண்ணீர், புகையாகவும் இருக்கலாம்.

இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். "கெட்டிக்காரிதான்டி நீ" என்றாள் ஸ்ரீநுவன்.

"ஏதோ தோணுச்சு, அக்கா" என்றாள் லம்ஜுவன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலும் இருக்கிறது, பணமும் திரும்பிவிட்டது, தாத்தாவும் திருப்தி.

அப்போது வாந்தொங் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "பிரசிட் அண்ணே, நானும் ஒம்பது சேவல் வைக்க வேண்டியது போன வருஷத்துலேந்து நிக்குது. அக்காவோட ஊதுபத்தி அணைஞ்சதும் இதுலேந்து ஒம்பத நான் வச்சு எடுத்துக்கட்டுமா?"

கட்டைகள் விழுந்தன. தாத்தா சரி என்றார்.

அவளுக்குப் பின்னால் பெட்ரோல் பங்க்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பல் வைத்தியர். அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தொண்ணூற்றொன்பது சேவல்களும் பதினேழு பேருடைய நேர்த்தியைத் தீர்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றன. வரிசை வாசல் வரைக்கும் வந்தது. லம்ஜுவனின் கடைக்கு முன்னால்தான் வளைந்தது. யாரும் கடைப்பக்கம் திரும்பவில்லை.

ஆறு நாள் கழித்து ராச்சபுரிப் பட்டறையிலிருந்து இருநூறு சேவல் வந்து இறங்கின. லம்ஜுவன் வாசலில் இரண்டு கடை அகலத்துக்கு அவற்றைப் பரப்பி நிறுத்தினாள். முத்திரை வைத்த காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். நாங் குவாக் அம்மா வா வா என்று கூப்பிட்டாள். எதிரே கூப்பிட இப்போது யாரும் இல்லை.

அதே நாளில் சவெங் கோயிலுக்குள் ஒரு பலகை மாட்டினார். "நேர்த்திச் சேவல் வாடகைக்கு. ஊதுபத்தி அணையும் வரை." கமிட்டிக்கு வேண்டிய சேவல் பின்னால் ஒரு வயல் நிறைய நிற்கிறது. அடியில் எழுதியிருந்த பேர்கள் மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். தாத்தாவிடம் கேட்டுத்தான் அடித்தார்கள்.

ஸ்ரீநுவன் கழிப்பறைக்குப் பக்கத்தில் சீக்கிரம் எரிந்து தீரும் ஊதுபத்தி விற்கிறாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அவசரம். எந்த அவசரமாக இருந்தாலும் அவள் கடை வழியில்தான் இருக்கிறது. நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. ஒருநாள் அவள் முப்பதடி இல்லை, முன்னூறு அடி நடந்து வந்து லம்ஜுவனுக்கு ஒரு கட்டு ஊதுபத்தி கொடுத்துவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை. லம்ஜுவனுக்கு அதுதான் தாங்கவில்லை.

மாதக் கடைசியில், இருநூறில் நான்கு சேவல் விற்றிருந்தபோது, லம்ஜுவன் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள். பிரசிட் குழம்பை மூடி வைத்துவிட்டு வந்தார்.

"தாத்தாகிட்ட என்ன கேக்கணும்?"

"சேவல் விக்கணும், அண்ணே. பழையபடி."

"என்ன குடுப்ப?"

"என்ன சொல்றாங்க இப்போ?"

"அதேதான். தொண்ணூத்தொம்பது சேவல்."

லம்ஜுவன் திரும்பி வாசலைப் பார்த்தாள். தன் நூற்றுத் தொண்ணூற்றாறு சேவல்களையும் பார்த்தாள். எல்லாம் கொண்டையும் வாலுமாக ரோட்டைப் பார்த்து நின்றன. பிறகு சவெங் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தாள். ஊதுபத்திக் கட்டைப் பிரித்தாள்.

"வாடகை எவ்வளவு?" என்றாள்.